பின்போல் மியூசியம் போனனான், தொட்டு விளையாடுற மியூசியம் எண்டா இப்பிடித்தான் இருக்கோணும்

காலிவீதி_பஸ் எழுதியது:

மக்கள், தங்கச்சியைப் பாக்க கலிபோர்னியா போயிட்டு வந்தனான், அவ இருக்கிறது சன்னிவேல்ல. போனா எல்லாரும் கோல்டன் கேட் பாலத்துக்கு முன்னால நிண்டு படம் எடுத்துப் போடுவினம், நானும் எடுத்தனான்தான், ஆனா உங்களுக்குச் சொல்லோணும் எண்டு நினைச்சது அலமீடாவில இருக்கிற பசிபிக் பின்போல் மியூசியம். பின்போல் எண்டா சரிவான மேசையில இரும்புப் பந்தைத் தட்டித் தட்டிப் புள்ளி எடுக்கிற மெசின். வெப்ஸ்டர் ஸ்ட்ரீட்டில வெளியால பாத்தா சும்மா ஒரு கடைத்தெரு. உள்ள போனா அறை அறையா மெசின், கிட்டத்தட்ட நூறு வரும். வாசல்ல ஒருக்கா காசைக் கட்டினாச் சரி, பிறகு கொயின் தேவையில்ல, எந்த மெசினிலயும் ஸ்டார்ட் பட்டனை அமத்தி விளையாட வேண்டியதுதான், ஒருத்தரும் "தொடாதேங்கோ" எண்டு பின்னால வரமாட்டினம்.

மெசினுகளைக் காலவரிசைப்படி வச்சிருக்கிறாங்கள். முதல்ல நிக்கிறதுகள் 1930கள் பக்கத்து மெசினுகள், அதில ஃபிளிப்பரே (பட்டனை அமத்த பந்தைத் திருப்பி அடிக்கிற சின்னக் கட்டை) இல்ல! ஸ்பிரிங்கை இழுத்து விட்டா போல், அதாவது பந்து, மேல போய் ஆணிக்கூட்டத்துக்குள்ளால தட்டுப்பட்டுத் தட்டுப்பட்டு ஏதாவது ஒரு ஓட்டையில விழும், நீங்கள் செய்யக்கூடியது மெசினைக் கொஞ்சம் உலுக்கிறது மட்டும்தான். அந்த ஸ்பிரிங்குக்கு ரெட்கிரேவ் எண்டவர் 1871ல பேட்டன்ட் எடுத்திட்டார், 1931ல காட்லீப் கம்பனி 'பேஃபிள் போல்' எண்டு ஒண்டை விட்டு அது பிச்சுக்கொண்டு போச்சுது, ஆனா ஃபிளிப்பர் வந்தது 1947ல தான், 'ஹம்ப்டி டம்ப்டி' எண்ட மெசினில. அதிலயும் பக்கத்துக்கு மூண்டாய் ஆறு ஃபிளிப்பர். இப்ப நாங்கள் பாக்கிற மாதிரி கீழ ரெண்டு நிண்டு போலைக் காப்பாத்திற வேலை இல்ல, ரெண்டு கரையிலயும் மேலிருந்து கீழ வரிசையா நிக்கும். இதெல்லாம் எங்கயும் வாசிக்கலாம்தான். ஆனா முதல் அறையில ஃபிளிப்பர் இல்லாததை விளையாடிப்போட்டு அடுத்த அறைக்கு வந்து முதல்முதலா ஒரு பட்டனை அமத்த போல் திரும்பி மேல போகுது பாருங்கோ, அப்பதான் 1947ல சனம் ஏன் விழுந்தடிச்சுப் போய் நிண்டது எண்டு கைக்கு விளங்கும்.

மகளுக்குப் பத்து வயசு, டப்பில கேம் விளையாடுற பிள்ளை, இதெல்லாம் அஞ்சு நிமிசத்தில சலிச்சிடும் எண்டு நினைச்சன். அவ போய் நிண்டது 60கள் 70கள் மெசினில. ஸ்கிரீன் இல்ல, ஸ்கோர் எல்லாம் நம்பர் சில்லு சுத்தித்தான் வரும், உள்ள இருக்கிறது உண்மையான மணி, பத்துப் புள்ளிக்கு ஒரு சத்தம், நூறுக்கு ஒண்டு, ஆயிரத்துக்கு இன்னொண்டு. ஃப்ரீ கேம் கிடைச்சா மரத்தில சுத்தியலால அடிச்ச மாதிரி ஒரு "டக்!", அறையில நிக்கிற எல்லாரும் திரும்பிப் பாப்பினம். மற்றது, உடம்பு முழுக்கத் தெளிவான அக்ரிலிக்கில செய்த மெசின் ஒண்டு இருக்கு, போல் ஒவ்வொரு இடத்தில படேக்கயும் உள்ளுக்க எந்த ரிலே (கரண்ட்டில இழுபடுற சுவிட்ச்) இழுபடுது, எந்தச் சில்லு சுத்துது எண்டு அப்பிடியே தெரியும். நான் அதில விளையாடவே இல்ல, வேற ஆக்கள் விளையாட குனிஞ்சு உள்ளுக்கயே பாத்துக்கொண்டு நிண்டனான், மனிசி வந்து கூட்டிக்கொண்டு போக வேண்டியதாப் போச்சு.

சந்தேகப்பேர்வழி:

அண்ணை கோவிக்காதேங்கோ, ப்ளேன் ஏறிப் போய் அங்க நிண்டு போல் தட்டினீங்களோ? அது முழுக்க லக் தானே. எங்கட அப்பா கேம் சென்டர் பக்கம் கண்டாலே காலை முறிப்பன் எண்டவர், சூதாட்டம் எண்டு. மியூசியம் எண்டா எங்கட கொழும்பு மியூசியம் மாதிரி இருக்கோணும், கண்டி ராசாவின்ர சிம்மாசனம் கண்ணாடிக்குள்ள இருக்கும், பாத்திட்டு வாறது. அதில ஏறி இருக்க விட்டா ஒரு மாசத்தில சிம்மாசனமும் இல்ல மியூசியமும் இல்ல.

கொட்டாஞ்சேனைப்பொடியன்:

ஹாஹா எல்லா வீட்டுலயும் அதே அப்பாதான். மச்சான் நாங்க ஸ்கூல் முடிஞ்சு டியூஷன் என்டு சொல்லிட்டு பம்பலப்பிட்டி பக்கம் கேம் சென்டருக்குப் போனவங்க, பஸ் காசு முழுக்க அதுக்குள்ள போகும், பிறகு கொட்டாஞ்சேனை வரைக்கும் நடந்துதான் வாறது. ஸ்ட்ரீட் ஃபைட்டர் டூவுக்கு முன்னால எப்பவும் பெரிய கூட்டம், முஸ்தபா கேமுக்கு மூணு பேர் சேர்ந்து நிப்போம். அதோட சரியான பேர் கெடிலக்ஸ் அண்ட் டைனோசர்ஸ் என்டு எனக்குத் தெரிய வந்தது கல்யாணம் முடிச்ச பிறகு. பின்போல் மெசின் ஒண்டு மூலையில கிடந்திச்சு, ஆனா எப்ப பாத்தாலும் வேலை செய்யாது, மேல ஒரு துண்டு பேப்பர் ஒட்டி வச்சிருப்பாங்க.

அண்ணே அங்க வீடியோ கேம் மெசினும் இருந்திச்சா?

காலிவீதி_பஸ்:

@கொட்டாஞ்சேனை அங்க பின்போல்தான் ராசா. வீடியோ கேம் வேணுமெண்டா அதே பக்கம் சான் பிரான்சிஸ்கோவில பியர் 45ல மியூசே மெக்கானிக் எண்டு இருக்கு, உள்ள போறதுக்குக் காசில்ல, மெசினுக்குத்தான் கொயின். 100 வருசத்துக்கு முந்தின கைரேகை சொல்லுற பொம்மை, கைப்பலம் பாக்கிற மெசின், அதுகளுக்குப் பக்கத்தில பழைய ஆர்கேட் வீடியோ கேம் மெசினுகள். வாசல்ல சிரிக்கிற சால் எண்டு ஒரு பெரிய பொம்மை நிக்குது, காசு போட்டா ஆடி ஆடிச் சிரிக்கும், மகள் பயந்து எனக்குப் பின்னால ஒளிச்சிட்டா. இன்னொரு விசயம், பொங் எண்ட வீடியோ கேம் மெசினை 1972ல முதல்முதலா சனத்துக்கு முன்னால வச்சது தங்கச்சியின்ர ஊரிலதான், சன்னிவேல்ல ஒரு குடிக்கிற கடையில. கொஞ்ச நாளில மெசின் பழுது எண்டு கூப்பிட்டிருக்கினம், அதைச் செய்த அல்கோர்ன் போய்த் திறந்து பாத்தா கொயின் பெட்டி நிரம்பிப் போயிருந்ததாம். தங்கச்சி அங்க குடியிருந்தும் இது தெரியாது, நான்தான் சொன்னனான்.

@சந்தேகப்பேர்வழி உங்கட அப்பாவை மட்டும் குறை சொல்லேலாது, நியூயோர்க் மேயரும் அதையேதான் சொன்னவர். லாகார்டியா எண்டவர், இப்ப எயார்போட்டுக்கு அவற்ற பேர்தான். பள்ளிக்கூடப் பிள்ளையளின்ர சில்லறையைப் பறிக்குது எண்டு 1942ல தடை போட்டு, பொலிசை விட்டு மெசினுகளைப் பெரிய சுத்தியலால உடைப்பிச்சவர், தானே நிண்டு உடைச்சுப் படத்துக்கும் போஸ் குடுத்தவர். அந்தக் காலத்து மெசினில ஃபிளிப்பர் இல்லை எண்டதை மறந்திடாதேங்கோ, அப்ப லக் எண்டு சொன்னதில கொஞ்சம் நியாயமும் இருக்கு. காசு குடுக்கிற மெசினுகளும் இருந்தது. ஆனா ஃபிளிப்பர் வந்து மூண்டு பத்து வருசம் ஆகியும் தடையை எடுக்கேல்ல. 1976ல ரொஜர் ஷார்ப் எண்டு ஒரு எழுத்தாளர் நகரசபைக்கு முன்னாலயே மெசினை வச்சு விளையாடிக் காட்டினவர், கடைசியா "இந்த முறை ஸ்பிரிங்கை இழுத்து விட போல் நடு வழியால போகும்" எண்டு முன்கூட்டியே சொல்லி இழுத்தார், அப்பிடியே போச்சுது. தடை போயிட்டுது. பகிடி என்னெண்டா அந்தக் கடைசி ஷொட்டில லக்கும் இருந்தது எண்டு அவரே பிறகு சொல்லியிருக்கிறார்.

சந்தேகப்பேர்வழி:

பாத்தீங்களோ! லக் எண்டு அவரே சொல்லிட்டார். வழக்கு முடிஞ்சுது.

டொக்டரம்மா:

நான் ரஷ்யால மெடிசின் படிச்சனான், லீவுக்கு மாஸ்கோ போற நேரம் ஒருக்கா ஃப்ரெண்ட்ஸோட சோவியத் ஆர்கேட் மெசின் மியூசியம் போனோம். 2007ல சில பெடியள் சேர்ந்து தொடங்கினது. அங்க வேற மாதிரி, ரிக்கெற்றோட பழைய 15 கோப்பெக் நாணயங்கள் தருவாங்க, சோவியத் காலத்துக் காசு, இப்ப கடையில செல்லாது, மெசினுக்குள்ள மட்டும் செல்லும். ஸ்டாராப் போற மெசின் மோர்ஸ்கோய் போய், கடல் சண்டை. பெரிஸ்கோப்புக்குள்ள கண்ணை வச்சுப் பாத்தா தூரத்தில கப்பல் போகும், டோர்பிடோவை விடணும், கப்பல் போற வேகத்துக்குக் கொஞ்சம் முன்னால குறி வைக்காட்டி படாது. அந்த மெசினுகள் ஆயுதம் செய்ற ஃபெக்டரிகள்ள செய்ததாம், தூக்கிப் பாத்தா நம்புவீங்க.

எனக்கு ஒரு கேள்வி. காலிவீதி அண்ணா சொன்ன மாதிரி எல்லாம் ஃப்ரீயா விளையாடலாம் எண்டா அலுக்காதா? எங்களுக்குக் கையில கொஞ்சக் காசுதான், அதால ஒவ்வொரு நாணயத்தையும் எந்த மெசினில போடுறதெண்டு சண்டை பிடிச்சு, போட்ட பிறகு உயிரைக் குடுத்து விளையாடினோம்.

காலிவீதி_பஸ்:

டொக்டர் சரியான இடத்தைப் பிடிச்சிட்டீங்க. அலமீடாவில நான் பாத்தன், முதல் போல் கெதியா விழுந்திட்டா சின்னப் பிள்ளையள் அப்பிடியே விட்டிட்டு அடுத்த மெசினுக்கு ஓடிடுங்கள், பாதி மெசினில ஆற்றையோ ரெண்டாம் போல் காத்துக்கொண்டு நிக்கும். காசு போட்டிருந்தா விடுவாங்களோ. லாஸ்வேகஸ்ல பின்போல் ஹோல் ஒஃப் ஃபேம் எண்டு இருக்கு, அது கொயின் போடுற இடம், உள்ள போக இலவசம், சேருற காசில தர்மத்துக்கும் குடுக்கினம். எது நல்லம் எண்டா, பிள்ளையளோட போறதெண்டா ஒருக்காக் கட்டுற இடம்தான், கொயின் முடிஞ்சு போச்சு அப்பா எண்டு கையைப் பிடிச்சு இழுக்கிற தொல்லை இல்ல. ஆனா விளையாட்டின்ர சூடு கொயினிலதான் இருக்கு, அதை ஒத்துக்கொள்ளுறன்.

ஹட்டன்_டு_கொழும்பு:

அண்ணே ஒன்னு கேக்கிறேன் தப்பா நெனக்காதீங்க. இதெல்லாம் இப்ப போன்லயே எமுலேட்டர் (பழைய மெசினு கேமை அப்பிடியே ஓட்டுற ஆப்) போட்டு விளையாடலாமே, ஸ்பேஸ் இன்வேடர்ஸ்ல இருந்து பேக்மேன் வரைக்கும் எல்லாம் இருக்கு, பின்போலும் ஆப்ல இருக்கு. எதுக்கு ரெண்டாளு தூக்க முடியாத மெசினு?

கொட்டாஞ்சேனைப்பொடியன்:

வீடியோ கேமுக்கு பாதி சரி. எமுலேட்டர்ல அதே ப்ரோக்ராம்தான் ஓடுது. பேக்மேன் 256ஆவது லெவல்ல பாதி ஸ்கிரீன் குப்பையாப் போறது கூட அப்பிடியே வரும். ஸ்பேஸ் இன்வேடர்ஸ்ல சுடச் சுட ஏலியன் வேகமா வருமே, அது முதல்ல யாரும் திட்டம் போட்டுச் செய்ததில்ல, ஏலியன் குறையக் குறைய ப்ரோசசருக்கு வேலை குறைஞ்சு தானா ஸ்பீட் ஆச்சு, அந்த கேமைச் செய்த நிஷிகாடோ அது நல்லா இருக்கென்டு அப்பிடியே விட்டுட்டார். அதுவும் எமுலேட்டர்ல வரும். ஆனா 1979 ஆஸ்டிராய்ட்ஸ் மெசின நேர்ல பாருங்க, அது சாதாரண டிவி இல்ல, வெக்டர் ஸ்கிரீன், எலெக்ட்ரோன் கதிர் நேரா கோடு கீறும், சுடுற புள்ளி அப்பிடி ஒரு வெளிச்சம். போன்ல அது வெறும் வெள்ளைப் புள்ளி.

மருதானை_நானா:

அஸ்ஸலாமு அலைக்கும், இதெல்லாம் வாசிச்சிட்டு சும்மா ஈக்க ஏலல்ல. நான் டோஹாவில அம்யூஸ்மென்ட் சென்டர்ல டெக்னீஷியனா வேலை செஞ்ச ஆள், இப்ப மருதானைல ரிபெயார் கடை.

ஹட்டன் தம்பி, பின்போல்ல ப்ரோக்ராம் பாதிதான், மத்தப் பாதி 80 கிராம் இரும்பு போல் ஒன்டும் ஆறரை டிகிரி சரிவும். அந்தச் சரிவ அரை டிகிரி கூட்டினா அது வேற கேம். ரப்பர் பழசானா வேற கேம். ஒரே மொடல் ரெண்டு மெசின் பக்கத்துல பக்கத்துல வச்சாலும் ரெண்டும் ஒரே மாதிரி ஆடாது. ஃபிளிப்பர் கொயில்ல ரெண்டு சுத்து ஈக்கி, தடிப்புக் கம்பில ஒன்டு, அது ஒரே இழுவைல அடிக்கும், அடிச்சு முடியுற இடத்துல ஒரு சின்ன சுவிட்ச் திறந்து மெல்லிசுச் சுத்துக்கு மாத்தும், அது பட்டனை விடுற வரைக்கும் பிடிச்சி வைக்கும். அந்த சுவிட்ச் திறக்காட்டி கொயில் சூடாகிப் புகையும், திறந்த பிறகு திரும்ப ஒழுங்கா மூடாட்டி ஃபிளிப்பர் நோஞ்சானா அடிக்கும். அந்தப் பேப்பர் ஒட்டின மெசினுக்கும் இது மாதிரி ஏதாவது சின்ன விசயமாத்தான் ஈக்கும், பாக்க ஆள் இல்லாமப் போயிருக்கும்.

சந்தேகம் தம்பி சிம்மாசனக் கதை சொன்னீங்க. பழைய ரிலே மெசின விளையாடாம வச்சீங்கன்டா அது கெட்டுப் போகும். கொன்டாக்ட் எல்லாம் கறுக்கும், ஒன்டோட ஒன்டு உரசினாத்தான் சுத்தமா ஈக்கும். கிரீஸ் இறுகும், ஸ்டெப்பர் சில்லு திரும்பாது. விளையாடினா போல் ஓடி பெயின்ட் தேயும், அதும் உண்மை. ரெண்டுல எது நட்டம் குறைவு என்டா, பெயின்டுக்கு மேல க்ளியர் கோட் அடிக்கலாம், தேயுற இடத்துல மெல்லிசு மைலார் பிளாஸ்டிக் ஒட்டலாம். நின்டு போன மெசினுக்குத்தான் வைத்தியம் கஸ்டம்.

சந்தேகப்பேர்வழி:

நானா அது சரி, அப்ப லக்கோ திறமையோ? உங்களிட்டக் கேக்கிறன்.

மருதானை_நானா:

ஒரு கேமுக்கு லக். நூறு கேமுக்கு திறமை. டோஹாவில ஒரு பிலிப்பைன்காரர் வருவார், ஒரு கொயினோட ராவு முழுக்க நிப்பார், எங்களுக்குக் கடை மூடணும். மெசின உலுக்கிறதும் ஒரு திறமைதான். உள்ள ஒரு வளையத்துக்கு நடுவுல குண்டு தொங்கும், கூட உலுக்கினா குண்டு வளையத்துல முட்டும், டில்ட் ஆகி எல்லாம் செத்துப் போகும், அந்தப் போல் போச்சு. 1930கள்ல பின்போல் மெசின் செஞ்ச ஹெரி வில்லியம்ஸ் கொண்டு வந்த யோசனை. முட்டாம உலுக்கத் தெரிஞ்சவன்தான் ஆட்டக்காரன்.

கொட்டாஞ்சேனைப்பொடியன்:

நானா உங்களுக்காகத்தான் காத்துக்கொண்டு இருந்தேன் போல. எங்கட மாமா மெம்பரா இருக்கிற ஒரு பழைய கிளப்ல ஸ்டோர் ரூமுக்குள்ள பின்போல் மெசின் ஒண்டு கிடக்கு, யாருக்கும் அது எப்ப வந்ததென்டு தெரியாது. காட்லீப் என்டு எழுதியிருக்கு, மேல படக் கண்ணாடில நாலு இடத்துல ஸ்கோர் சில்லு. படம் அங்கங்க உரிஞ்சு போய் இருக்கு. கமிட்டி பழைய இரும்புக்குக் குடுக்கப் போறாங்களாம். பிளக்கைக் குத்திப் பாப்பமா என்டு மாமா கேக்கிறார்.

மருதானை_நானா:

குத்த வேணாம்!! மாமாவுக்கு இப்பவே கோல் எடுத்துச் சொல்லுங்க.

நாலு ஸ்கோர் என்டா நாலு பேர் விளையாடுற மெசின், சில்லு என்டா ரிலே காலத்து மெசின், போர்ட் கீர்ட் ஒன்டும் ஈக்காது, எல்லாம் கம்பியும் சுவிட்சும். அது நல்லதுதான், எரிஞ்சு போக ஐசி இல்ல. ஆனா அமெரிக்க மெசின் 120 வோல்ட், 60 ஹேர்ட்ஸ். எங்கட 230ல குத்தினா ட்ரான்ஸ்ஃபோமர் மணத்துத்தான் உங்களுக்கு விளங்கும். வோல்ட்டக் குறைக்கிற ஸ்டெப் டவுன் போட்டாலும் 50 ஹேர்ட்ஸ்ல ட்ரான்ஸ்ஃபோமர் கொஞ்சம் கூடச் சூடாகும், உள்ள ஈக்கிற ஸ்கோர் மோட்டார் மெதுவா சுத்தும். வெளிநாட்டுக்கு ஏத்தின மெசினா ஈந்தா ட்ரான்ஸ்ஃபோமர்லயே 220, 240க்கு வேற கனெக்ஷன் ஈக்கலாம், பாத்துத்தான் சொல்லணும்.

படக் கண்ணாடியின்ட பின்பக்கத்தத் துடைச்சிடாதீங்க. பெயின்ட் பின்னாலதான் ஈக்கி, ஈரத் துணி பட்டா கையோட வரும். கொழும்பு உப்புக் காத்துல அது இவ்வளவு காலம் நின்டதே பெரிய விசயம். டபிள்யூடி ஃபோர்ட்டி ஸ்ப்ரே அடிப்பம் என்டு யாராவது வந்தா வெளிய அனுப்புங்க, அது ஊத்தையப் பிடிச்சி வச்சி எல்லாத்தையும் இறுக்கிடும்.

ஹட்டன்_டு_கொழும்பு:

நானா பார்ட்ஸ்க்கு என்ன பண்ணுவீங்க, இங்க கெடைக்குமா?

மருதானை_நானா:

ரப்பர் வளையம், கொயில் ஸ்லீவ் அமெரிக்காவுல இருந்து எடுக்கலாம், இன்னும் செய்றாங்க, பார்சலுக்குத்தான் காசு. பல்ப் ஆறு வோல்ட், பஞ்சிகாவத்தைல பழைய மோட்டார்பைக் பல்ப் விக்கிறவங்கட்டயும் கேட்டுப் பாக்கலாம், அடி பொருந்துமா என்டு பாத்துத்தான். ஃபியூஸ், வயர் யூனிட்டி பிளாசால இல்லாட்டியும் ஃபெஸ்ட் க்ரொஸ் ஸ்ட்ரீட்ல கிடைக்கும். ஸ்டெப் டவுன் நானே சுத்தித் தருவேன். 80 கிராம் போல் மட்டும் சரியான சைஸ் வேணும், இருபத்தேழு மில்லிமீட்டர், பெயாரிங் கடைல கேட்டா கிடைக்கும், ஆனா காந்தம் பிடிச்ச போல் எடுக்க வேணாம், துருப்பிடிச்சதும் வேணாம், மேசைய அரத்தால ராவுற மாதிரி ராவிடும்.

டொக்டரம்மா:

சரியாகினா எங்க வைக்கிறது? ஒரு மெசினை வச்சு மியூசியம் எண்டு போர்ட் போடுறதா? 2022ல 13 மணித்தியாலம் கரண்ட் கட் இருந்த மாதிரித் திரும்ப வந்தா நூறு மெசின் இருந்தும் பிரயோசனம் இல்ல.

காலிவீதி_பஸ்:

கிளப்பிலயே இருக்கட்டும், கிழமைக்கு ஒரு நாள் ஆக்களை விடட்டும், மெசினுக்கு மேல ஒரு சின்ன மட்டையில எந்த வருசம் ஆர் செய்தது எண்டு எழுதி வச்சாப் போதும், அலமீடாவிலயும் அப்பிடித்தான் வச்சிருக்கினம். நூறு மெசின் ஒரே நாளில வராது. ஃபிளிப்பர் வந்த பிறகு எல்லாத்திலயும் கூட வித்தது எண்டு சொல்லுறது 1992 அடம்ஸ் ஃபேமிலி எண்ட மெசின், அதே இருபதாயிரத்துச் சொச்சம்தான் செய்தவை, 20,270. இந்த மாதிரி ரிலே மெசின் எத்தினை மிஞ்சியிருக்கும் எண்டு யோசியுங்கோ, அதைக் கொண்டுபோய் இரும்புக்குப் போட்டா சரியே? கமிட்டியோட கதைக்க நானும் வாறன்.

கொட்டாஞ்சேனைப்பொடியன்:

மாமா கதைச்சிட்டார், இரும்புக்காரனை நிப்பாட்டியாச்சு, ஞாயித்துக்கிழமை பின்னேரம் வரச் சொன்னார். ஒரு பிரச்சினை, கொயின் போடுற கதவின்ட திறப்பு இல்ல, செக்ரட்டரி மாறி மாறி எங்கயோ போயிட்டு.

மருதானை_நானா:

அது இல்லாம விளையாடுற மேசைக்கு மேல ஈக்கிற கண்ணாடியக் கழட்ட ஏலாது, அதப் பிடிச்சி வைக்கிற லொக் பார் லீவர் அந்தக் கதவுக்கு உள்ளதான். அலவாங்கால திறக்கப் பாக்க வேணாம் என்டு சொல்லுங்க, கதவு வளைஞ்சா வேற கதவு தேடி அலையணும். லொக்க ட்ரில் பண்ணி எடுத்திட்டு புது லொக் போடலாம், சின்ன செலவு. லுஹர் தொழுதிட்டு ட்ரில்லோட வாறேன், வார வழில மீட்டரும் எடுக்கிறேன். அங்க லைட் எப்பிடி, ஸ்டோர் ரூமுக்குள்ள பிளக் பொயின்ட் ஈக்கா?

கொட்டாஞ்சேனைப்பொடியன்:

ஒண்டு இருக்கு, ஆனா அதுல ஃப்ரிட்ஜ் குத்தியிருக்கு, கழட்ட விடமாட்டாங்க, பியர் சூடாகிடுமாம். எக்ஸ்டென்ஷன் கோட் நான் கொண்டு வாறேன்.